வேறு யாராவது நடித்திருந்தால்? பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் வேடப் பொருத்தம்

1968இல் டேவிட் ஜேசன் என்ற 28 வயது நடிகருக்கு ஒரு கிழவர் வேடம் கிடைத்தது. சில மணி நேரத்தில் அது கைநழுவியும் போனது. பிபிசி அப்போது 'டாட்ஸ் ஆர்மி' என்ற புதிய தொடரைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அதில் வரும் கசாப்புக் கடைக்காரரும் பழைய போர்வீரருமான கார்ப்பரல் ஜோன்ஸ் வேடத்தை முதலில் ஜாக் ஹேக் என்பவரிடம் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். அடுத்துக் கிளைவ் டன் கிடைப்பாரா என்பது உறுதியாகாத நிலையில் ஜேசனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குள் டன் வருவதாகச் சொல்லிவிட்டார். ஜேசன் வெளியே, டன் உள்ளே. அந்தத் தொடர் 1977 வரை 80 அத்தியாயங்கள் ஓடியது.

இதைப் படித்தவுடன் மனம் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறது: ஜேசனே ஜோன்ஸாக நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே பிரிட்டனில் ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. புகழ்பெற்ற ஒரு வேடத்தை எடுத்து, அதில் வேறொரு நடிகரை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்பது அவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இதை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை. ஒரு நகைச்சுவைத் தொடர் எதனால் ஓடுகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் எந்தத் தூண் கூரையைத் தாங்குகிறது என்பது அந்தத் தூணை எடுப்பதாக நினைத்துப் பார்க்கும்போதுதான் புரியும் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சிட்காம் என்பது ஒரே இடத்தில், ஒரே ஆட்களுடன், வாரந்தோறும் நடக்கும் சுமார் அரைமணி நேர நகைச்சுவைக் கதை. அந்த ஆட்கள் ஒருவரையொருவர் விட்டுப் போக முடியாதவர்கள். கணவன் மனைவி, முதலாளி வேலையாள், அண்ணன் தம்பி, ஒரே சிறையறையில் அடைபட்ட இருவர் என்று ஏதோ ஒரு கயிறு அவர்களைக் கட்டிவைத்திருக்கும். நல்ல பிரிட்டிஷ் தொடர்களில் சிரிப்பு அந்தக் கயிற்றின் இழுபறியிலிருந்து வருகிறது. துணுக்குகளை நம்பி அவை எழுதப்படுவதில்லை. அதனால் ஒரு நடிகரை மாற்றினால் அவருடைய வேடம் மட்டும் மாறாது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவரும் மாறிவிடுவார். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள் ஒரு ஜாதகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. நாமும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேப்டனும் சார்ஜெண்டும்

இதைப் புரிந்துகொள்ள 'டாட்ஸ் ஆர்மி'யைவிட நல்ல பாடம் இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

கதை நடப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். இங்கிலாந்தின் தென்கரையில் வால்மிங்டன் என்ற கற்பனை ஊர். ராணுவத்தில் சேர முடியாத முதியவர்களும் இளைஞர் சிலரும் சேர்ந்து ஊர்க்காவல் படை ஒன்றை நடத்துகிறார்கள். படைத் தலைவர் கேப்டன் மேனரிங். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் மெயின்வாரிங் என்று படிக்கத் தோன்றும். ஆனால் அவரை எல்லோரும் அழைப்பது மேனரிங் என்றுதான். அவர் உள்ளூர் வங்கி மேலாளர். அவருக்குக் கீழே சார்ஜெண்ட் வில்சன். வங்கியிலும் அவர் மேனரிங்குக்கு அடுத்த நிலையில் இருப்பவர்.

மேனரிங் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, உழைத்து மேலே வந்தவர். வில்சன் உயர்குடியில் பிறந்து, செலவு மிகுந்த தனியார் பள்ளியில் படித்தவர். எந்த முயற்சியும் இல்லாமலே எல்லாம் அவருக்குக் கைகூடும். பதவி மேனரிங்கிடம், பிறப்பு வில்சனிடம். ஒரு அத்தியாயத்தில் உறவினர் ஒருவர் இறந்ததால் வில்சனின் பெயருக்கு முன் ஒரு கௌரவப் பட்டம் சேர்கிறது. உடனே ஊர்க் கோல்ஃப் கிளப் அவரை அழைக்கிறது. மேனரிங் பல காலமாக நுழைய ஆசைப்பட்ட கிளப் அது. அந்தச் செய்தியைக் கேட்கும்போது மேனரிங்கின் முகத்தைப் பாருங்கள். தொடர் முழுவதும் அந்த முகத்துக்குள் அடங்கியிருக்கிறது.

மேனரிங்காக நடித்தவர் ஆர்தர் லோ. குட்டையான, உருண்டையான உடல்வாகு. வில்சனாக நடித்தவர் ஜான் ல மெசூரியர். உயரமானவர், களைத்த கண்கள், மென்மையான குரல். படையை வரிசையில் நிற்கச் சொல்லும் கட்டளையைக்கூட, உங்களுக்குச் சிரமமில்லை என்றால் கொஞ்சம் நிற்கிறீர்களா என்ற தொனியில்தான் சொல்வார். இந்த இருவரையும் தெரியாத ஒருவரிடம் புகைப்படத்தைக் காட்டி யார் அதிகாரி என்று கேட்டால், உயரமானவரைத்தான் காட்டுவார். தொடரை உருவாக்கிய ஜிம்மி பெர்ரியின் முதல் யோசனையிலும் லோவுக்குச் சார்ஜெண்ட் வேடம்தான் இருந்தது. தயாரிப்பு நகர நகர இடம் மாறியது. மேனரிங் வேடம் தார்லி வால்டர்ஸிடம் போய்த் திரும்பியது. ஜான் பெர்ட்வீயிடமும் பேசிப் பார்த்தார்கள். கடைசியில்தான் அது லோவிடம் வந்து சேர்ந்தது.

இப்போது நம் வேலையைத் தொடங்குவோம். முதல் கற்பனை: இருவரும் இடம் மாறியிருந்தால்? ல மெசூரியர் கேப்டன், லோ சார்ஜெண்ட். பிறப்பால் உயர்ந்தவர் பதவியிலும் உயர்ந்தவராக இருக்கிறார். சுறுசுறுப்பான குட்டை மனிதர் கீழே நின்று படபடக்கிறார். இதுவும் வேடிக்கையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த வேடிக்கையை நாம் நூறு போர்ப் படங்களில் பார்த்துவிட்டோம். சோம்பலான மேட்டுக்குடி அதிகாரி, அவருக்காக உழைக்கும் சார்ஜெண்ட். அங்கே யாருக்கும் யார்மீதும் பொறாமை இல்லை. கோல்ஃப் கிளப் கதையை எழுதவே முடியாது.

இரண்டாவது கற்பனை: பெர்ட்வீ மேனரிங்காக வந்திருந்தால்? 1970 முதல் 1974 வரை 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் அவர் நடித்ததைப் பார்த்தவர்களுக்கு அவருடைய தோரணை தெரியும். நெடிய உருவம், கூர்மையான மூக்கு, அவர் அறைக்குள் வந்தாலே ஒரு தலைவர் வந்த மாதிரி இருக்கும். இவரை ஒரு குறிப்பிட்ட காட்சியில் நிறுத்திப் பார்க்கிறேன். பொதுவாக நல்லா இருக்கும், இருக்காது என்று சொல்வதில் பயனில்லை. ஒரே ஒரு காட்சி, அதிலும் ஒரே ஒரு வசனம் போதும்.

1973இல் வந்த ஒரு அத்தியாயத்தில், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளை இந்தப் படை காவல் காக்கிறது. அவர்களுடைய கேப்டன் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். ஜெர்மனி வென்ற பிறகு கணக்குத் தீர்ப்பதற்காகப் பெயர்களைக் குறித்துவைக்கிறான். படையிலேயே சின்னப் பையனான பைக், ஹிட்லரைக் கேலி செய்து ஒரு பாட்டுப் பாடுகிறான். ஜெர்மானியன் திரும்பி, உன் பெயரும் பட்டியலில் சேரும், உன் பெயர் என்ன என்று கேட்கிறான். மேனரிங் உடனே முந்திக்கொண்டு சொல்கிறார்: "அவனிடம் சொல்லாதே, பைக்!"

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மிக அதிகமாக நினைவுகூரப்படும் வசனங்களுள் இது ஒன்று. தாளில் படித்தால் ஒரு சின்ன வாய்தவறல். லோ அதைச் சொல்லும் விதத்தில்தான் அது உயிர்பெறுகிறது. நெஞ்சை நிமிர்த்தி, ஒரு பையனைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு சொல்கிறார். தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரியாது. எதிரியைவிட ஒரு படி முன்னே யோசித்துவிட்டதாக மனதார நம்புகிறார். பெர்ட்வீ இதே சொற்களைச் சொன்னால் எனக்குக் கேட்பது வேறு: ஒரு கெட்டிக்காரர் அவசரத்தில் செய்த பிழை. கெட்டிக்காரர் பிழை செய்தால் ஒரு முறை சிரிப்போம். தன்னைக் கெட்டிக்காரர் என்று நம்புகிறவர் பிழை செய்தால் 80 அத்தியாயங்களுக்குச் சிரிக்கலாம். அவர்மீது பாசமும் வந்துவிடும். மேனரிங்கிடம் உண்மையான வீரம் இருக்கிறது. ஜெர்மானியர்கள் வந்திருந்தால் அவர் கடைசிக் குண்டு வரை நின்றிருப்பார். அந்த வீரம் அத்தனை சிறிய உடலுக்குள் இருப்பதுதான் மனதைத் தொடுகிறது.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். அந்த வசனம் முடிந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது மேனரிங்கை அல்ல, சுற்றி நிற்பவர்களை. குறிப்பாக வில்சனை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்தத் தொடரிலும் பொருத்தம் பார்க்கலாம். மாற்று நடிகரை மனதில் நிறுத்திவிட்டு, உடன் நடிப்பவரின் முகத்தில் என்ன ஓடும் என்று பாருங்கள். பெர்ட்வீக்கு எதிரே ல மெசூரியரின் அந்தக் களைத்த புருவம் உயர ஒரு காரணமும் இல்லை.

ஜேசனையும் விட்டுவிடக் கூடாது. அவர் ஜோன்ஸாக வந்திருந்தால் எடுபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஜோன்ஸ் வேடத்துக்குத் தேவை கிழ முகமும் இளம் உடலும். கூரையிலிருந்து தொங்க வேண்டும், துப்பாக்கிக் கத்தியை வீசிக்கொண்டு ஓட வேண்டும். உண்மையான எழுபது வயதுக்காரரால் முடியாது. கிளைவ் டன்னுக்கே அப்போது 48 வயதுதான். ஜேசன் சில ஆண்டுகள் கழித்து 'பாரிட்ஜ்' தொடரில் பிளாங்கோ என்ற முதிய கைதியாக வந்து, கிழவர் வேடம் தன்னால் முடியும் என்று காட்டினார். ஆனால் இங்கேதான் கற்பனை பெரிதாகக் கிளைவிடுகிறது. அவர் ஒன்பது ஆண்டுகள் ஜோன்ஸாகவே மக்கள் மனதில் பதிந்திருந்தால், 'ஓப்பன் ஆல் ஹவர்ஸ்' தொடரில் ரோனி பார்க்கரின் கடைப்பையன் கிரான்வில்லாக வந்திருப்பாரா? வராமல் போயிருந்தால் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய வேடமும் வந்திருக்காது. எப்படி என்று பாருங்கள்.

டெல் பாய் வந்த வழி

'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' 1981இல் தொடங்கியது. தென் லண்டனில் பெக்கம் என்ற பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அண்ணன் டெல் பாய், தம்பி ராட்னி, ஒரு தாத்தா. உரிமம் இல்லாமல் பெட்டியை விரித்துப் பொருள் விற்பது தொழில். அடுத்த ஆண்டு இந்நேரம் நாம் கோடீஸ்வரர்கள் என்பது டெல்லின் தீராத நம்பிக்கை. 1996 கிறிஸ்துமஸ் காலத்தில் வந்த அத்தியாயத்தை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள்.

டெல் வேடத்துக்கு முதலில் நினைத்தவர்களில் என் ரைட்டல் (Enn Reitel) என்ற நடிகரும் ஜிம் பிராட்பென்ட்டும் உண்டு. பிராட்பென்ட் மேடை நாடக வேலை இருந்ததால் மறுத்தார். பின்னால் அதே தொடரில் ஸ்லேட்டர் என்ற கேடுகெட்ட போலீஸ்காரராக வந்தார். தயாரிப்பாளர் ரே பட் ஒரு நாள் தொலைக்காட்சியில் 'ஓப்பன் ஆல் ஹவர்ஸ்' மறு ஒளிபரப்பைப் பார்த்தார். ஜேசனின் நினைவு வந்தது. அந்தக் கடைப்பையன் வேடம் இல்லாவிட்டால் இந்த நினைவும் இல்லை.

பிராட்பென்ட் ஸ்லேட்டராக நடித்தது நமக்குக் கிடைத்த பெரும் உதவி. டெல்லாக அவர் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்க நேரடிச் சான்று கையில் இருக்கிறது. ஸ்லேட்டரின் புன்னகையில் ஒரு ஈரமான கொடுமை உண்டு. அவர் சிரித்தால் அறையில் இருப்பவர்கள் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். பிராட்பென்ட் பெரிய நடிகர். டெல்லுக்காக வேறு முகத்தைக் கொண்டுவந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவருடைய உருவம் பெரியது. ராட்னியாக நடித்த நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட் ஒட்டடைக்குச்சி போல் உயரமானவர். ஜேசன் அவருடைய தோள் உயரம்தான். அண்ணன் குட்டை, தம்பி நெட்டை; தாயில்லாத தம்பியை வளர்த்தவன் அண்ணாந்து பார்த்துத்தான் அவனைத் திட்ட வேண்டும். உயரமான பிராட்பென்ட்டை அங்கே நிறுத்தினால் அந்தத் திட்டில் மிரட்டல் வந்துவிடும். ஜேசனின் திட்டில் இருப்பது தாயின் பதற்றம்.

1989இல் வந்த ஒரு காட்சியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. டெல், பணக்காரர்கள் வரும் மதுக்கூடத்தில், நண்பன் டிரிகரிடம் பெண்களைக் கவர்வது பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறான். பணியாளர் கவுண்ட்டரின் தூக்குப் பலகையைத் திறந்துவிட்டுப் போவதை அவன் கவனிக்கவில்லை. அலட்சியமாகச் சாய்கிறான்; பலகை அங்கே இல்லை. உடம்பு வளையாமல் மரம் சாய்வது போல் அப்படியே பக்கவாட்டில் விழுகிறான். கையை ஊன்றவில்லை, கீழே பார்க்கவில்லை. விழப் போகிறோம் என்று உடம்புக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுவது எத்தனை கடினம் என்று ஒரு முறை மெத்தையின்மேல் முயன்று பாருங்கள். ஜேசனுக்கு அது கைவந்தது. இனி டிரிகரைக் கவனியுங்கள். விழும் நேரத்தில் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். திரும்பினால் ஆளைக் காணோம். நண்பன் எங்கே போனான் என்று புரியாத அந்த வெற்று முகம்தான் சிரிப்பை இரட்டிப்பாக்குகிறது. டிரிகராக நடித்தவர் ரோஜர் லாய்ட் பேக். ரே பட் ஒரு நாடகத்துக்கு வேறொரு நடிகரை டெல்லுக்காகப் பார்க்கப் போய், இவரைக் கண்டு டிரிகராக அழைத்துவந்தார். இத்தனை பொருத்தங்களும் தற்செயலாகத்தான் வந்து சேர்ந்தன.

பேசிலின் உயரம்

இதுவரை நடக்கவிருந்து நடக்காமல் போனவற்றைப் பார்த்தோம். இனி யாரும் கேட்காத, நாமே கட்டும் கற்பனை ஒன்று. ஒரு விதி மட்டும்: அந்தக் காலத்தில் அந்த வேடத்தை ஏற்றிருக்கக் கூடிய வயதிலும் தகுதியிலும் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய நட்சத்திரத்தை 1975க்குள் இறக்கினால் நாம் காலத்தைத்தான் சோதிப்போம், வேடத்தைச் சோதிக்க மாட்டோம்.

'ஃபால்டி டவர்ஸ்' 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாக மொத்தம் 12 அத்தியாயங்கள். டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறிய ஹோட்டல். உரிமையாளர் பேசில் ஃபால்டி விருந்தினர்களை வெறுக்கிறார், மேட்டுக்குடியினரைக் கண்டால் குழைகிறார், மனைவி சிபிலைக் கண்டால் நடுங்குகிறார். ஜான் கிளீஸ் தன் அப்போதைய மனைவி கோனி பூத்துடன் சேர்ந்து எழுதி, தானே பேசிலாக நடித்தார். 1970இல் டார்க்கியில் தங்கிய ஒரு ஹோட்டலின் உரிமையாளர் நடந்துகொண்ட முறைதான் விதை.

பேசிலாக நான் நிறுத்திப் பார்ப்பது லெனர்ட் ராசிட்டரை. அதே ஆண்டுகளில் 'ரைசிங் டாம்ப்' தொடரில் ரிக்ஸ்பி என்ற வீட்டுச் சொந்தக்காரராக அவர் கொடிகட்டிப் பறந்தார். அவரும் பிறரைக் குறைவாக எடைபோடுகிறவர், அவரும் படபடவென்று பேசுகிறவர். முதல் பார்வைக்குக் கச்சிதமான பொருத்தம். நெருங்கிப் பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலாவது, ரிக்ஸ்பியிடம் சபலம் உண்டு. வாடகைக்கு இருக்கும் மிஸ் ஜோன்ஸைச் சுற்றிச் சுற்றி வருவார். ராசிட்டரின் கண்ணும் உதடும் எதையோ அடையத் துடித்துக்கொண்டே இருக்கும். பேசிலிடம் அது கிடையாது. ஆணும் பெண்ணும் தொட்டுப் பேசினாலே கூசிப்போகிற ஆள் அவர். அவருக்கு வேண்டியது கௌரவம் மட்டும்தான்.

இரண்டாவது, உயரம். கிளீஸ் ஆறடி ஐந்து அங்குலம். சிபிலாக நடித்த புருனெல்லா ஸ்கேல்ஸ் சிறிய உருவம். மனைவியை அவர் பார்க்கும்போது கண் கீழ்நோக்கி இருக்கிறது, பயமோ மேல்நோக்கி இருக்கிறது. அத்தனை நீளமான உடலை மடித்து, முதுகைக் கூனி, வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒளிகிறார். கூண்டில் அடைத்த ஒட்டகச்சிவிங்கி போல அந்த உடலுக்கு அந்த ஹோட்டலில் இடம் போதவில்லை. ராசிட்டர் அந்த மேசைக்குப் பின்னால் அழகாகப் பொருந்திவிடுவார். பொருந்திவிடுவதுதான் சிக்கல். சமையல்காரர் குடித்துவிட்டு விழுந்து, வெளியிலிருந்து உணவு வாங்கிவரும் வழியில் கார் நின்றுவிடும் அத்தியாயம் நினைவிருக்கிறதா? பேசில் காரைத் திட்டி, எச்சரித்து, கடைசியில் ஒரு மரக்கிளையை ஒடித்துவந்து அதை அடிக்கிறார். ராசிட்டர் அடித்திருந்தால் அந்தக் காருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றும். கிளீஸ் அடிக்கும்போது அந்த நீண்ட கையும் நீண்ட கிளையும் காற்றை அடிப்பது போல இருக்கிறது. கையாலாகாத கோபம் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது.

சிபில் வேடமும் முதலில் பிரிட்ஜட் டர்னரிடம் போய், அவர் மறுத்த பிறகுதான் ஸ்கேல்ஸிடம் வந்தது. ஸ்கேல்ஸ் எழுத்தில் இருந்ததைவிடச் சற்றுக் கீழ்த்தட்டுப் பெண்ணாகச் சிபிலை வார்த்தார். எழுதியவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. அதனால் வந்த லாபத்தைப் பாருங்கள்: மேட்டுக்குடிக்கு ஏங்கும் பேசில், தன்னைவிடக் கீழே என்று நினைக்கும் ஒருத்தியிடம் அடங்கிக் கிடக்கிறார். அவருடைய மூச்சுத்திணறலுக்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைத்துவிட்டது.

அமெரிக்கர்கள் இந்த ஹோட்டலை மூன்று முறை கட்டிப்பார்த்தார்கள். 1978இல் ஹார்வி கார்மனும் பெட்டி வைட்டும் நடித்த மாதிரி அத்தியாயம், 1983இல் பியா ஆர்தர் நடித்த 'அமாண்டாஸ்', 1999இல் ஜான் லாரகெட் நடித்த 'பெய்ன்'. எதுவும் நிலைக்கவில்லை. 'அமாண்டாஸ்' செய்த பிழை மிகத் தெளிவானது. ஹோட்டலை நடத்துபவர் கணவனை இழந்த ஒரு பெண். பியா ஆர்தர் வாள்வீச்சு போல வசனம் பேசக்கூடிய நடிகை. குறை அவரிடம் இல்லை. பேசிலுக்கும் சிபிலுக்கும் இடையிலான கயிற்றையே அறுத்துவிட்டார்கள். பயப்பட ஆள் இல்லாத பேசில் வெறும் கோபக்காரர்.

பேசிலைப் பெண்ணாக்கவே முடியாதா என்றால், முடியும். பாட்ரிஷியா ரவுட்லெட்ஜ் 1990 முதல் 1995 வரை 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரில் ஹயசிந்த் பக்கெட்டாக நடித்தார். பக்கெட் என்ற தன் குடும்பப் பெயரை, பூங்கொத்தைக் குறிக்கும் பூக்கே என்று உச்சரிக்க வைக்கும் அந்த அம்மாள், ஒரு வகையில் பேசிலின் தங்கை. அதே கௌரவப் பசி. அவரை டார்க்கி ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிறுத்திப் பாருங்கள். சிபிலின் இடத்தில் அவருடைய சாதுவான கணவர் ரிச்சர்ட் வேண்டும். பயத்தின் திசை தலைகீழாகிறது. பார்சிலோனாவிலிருந்து வந்த பணியாள் மனுவெலை அவர் ஒருபோதும் அடிக்க மாட்டார். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் முறையை மணிக்கணக்கில் கற்றுக்கொடுப்பார். மனுவெலுக்கு அடியே தேவலை என்று ஆகிவிடும்.

வேடமே வலுவாக இருந்தால்

எல்லா வேடமும் நடிகரின் உடலை இப்படி நம்பி நிற்பதில்லை. 'யெஸ் மினிஸ்டர்' 1980இல் வந்தது. அமைச்சர் ஜிம் ஹாக்கராகப் பால் எடிங்டனும் செயலாளர் சர் ஹம்ப்ரியாக நைஜல் ஹாதார்னும் நடித்தார்கள். ஹம்ப்ரியின் முடிவில்லாத வாக்கியங்களை ஹாதார்ன் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது அரங்கம் கைதட்டும். ஆனால் இங்கே கயிறு எழுத்திலேயே இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது: தேர்தலில் வந்து போகும் அமைச்சர், என்றும் இருக்கும் அதிகாரி. அதனால்தான் 2001இல் 'ஜி மந்த்ரிஜி' என்ற பெயரில் இந்தியில் அது எடுக்கப்பட்டபோது, ஃபரூக் ஷேக்கின் மென்மையான முகத்திலும் ஜயந்த் கிருபளானியின் வழவழப்பிலும் கதை இடறாமல் நடந்தது. நம் ஆட்சிப் பணி பிரிட்டிஷார் விட்டுச்சென்ற அச்சில் வார்த்தது. தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஹம்ப்ரி எந்த மொழியில் பேசினாலும் புரியும்.

இதே சொற்கள், வேறு உடல்கள் என்ற சோதனை 'டாட்ஸ் ஆர்மி'க்கும் கிடைத்தது. 1969இல் ஒளிபரப்பான மூன்று அத்தியாயங்களின் பதிவுகள் தொலைந்துபோயின. அந்தக் காலத்தில் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவது பிபிசியில் வழக்கம். 2019இல் பழைய எழுத்துப் பிரதிகளை வைத்து அந்த மூன்றையும் மீண்டும் எடுத்தார்கள். கெவின் மெக்நாலி மேனரிங், ராபர்ட் பாதர்ஸ்ட் வில்சன். புதிதாக இதைப் பயில விரும்புகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, 1969இல் வந்து அழியாமல் பிழைத்த அத்தியாயம் ஒன்றையும் பார்க்க வேண்டும். ஒலியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்பது என் வழக்கம். சொல் இல்லாதபோது யார் யாரைப் பார்க்கிறார்கள், எத்தனை நேரம் பார்க்கிறார்கள் என்பது மட்டும் மிஞ்சும்.

நடிகர்கள் அப்படியே இருக்க, வேடத்தின் உள்ளே இருப்பதை மாற்றிய கதையும் உண்டு. 'பிளாக்ஆடர்' 1983இல் வந்தபோது ரோவன் அட்கின்சனின் எட்மண்ட் கோழையும் அசடனும். டோனி ராபின்சனின் பால்ட்ரிக்தான் விவரமான வேலைக்காரன். 1986இல் வந்த இரண்டாவது தொடரில் மூளை இடம் மாறியது; எட்மண்ட் கூர்மையானான், பால்ட்ரிக் அடிமுட்டாளானான். அதே இரண்டு முகங்கள். தொடர் அதன் பிறகுதான் நிமிர்ந்தது. ஏதோ ஒரு வேடத்தில் யாரோ பொருந்தவில்லை என்று தோன்றும்போது, ஆளை மாற்றுவதற்கு முன் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

யாரையும் போடாமல் விட்ட இடம்

1984 டிசம்பரில், 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, தாத்தாவாக நடித்த லெனர்ட் பியர்ஸ் இறந்தார். அதே வேடத்தில் இன்னொருவரைப் போட எழுத்தாளர் ஜான் சல்லிவன் சம்மதிக்கவில்லை. தாத்தாவின் இறுதிச் சடங்கையே கதையாக எழுதினார். அங்கே வந்து சேர்கிறார் வெள்ளைத் தாடியுடன் மாமா ஆல்பர்ட், கடற்படைக் கதைகளோடு. நடித்தவர் பஸ்டர் மெரிஃபீல்ட். வாழ்நாளின் பெரும்பகுதியை வங்கி மேலாளராகக் கழித்துவிட்டு நடிப்புக்கு வந்தவர். ஆல்பர்ட் தாத்தாவின் நகல் அல்ல. தாத்தா அசையாமல் உட்கார்ந்து முணுமுணுப்பவர், ஆல்பர்ட் போர்க்காலத்தைப் பேசியே ஆளைக் கொல்பவர்.

'டாட்ஸ் ஆர்மி'யில் கள்ளச்சந்தைக்காரன் வாக்கராக நடித்தவர் ஜேம்ஸ் பெக். அந்த வேடத்தைத் தனக்காகவே எழுதிக்கொண்டவர் ஜிம்மி பெர்ரி. ஆனால் படைப்பாளி நடிக்க வேண்டாம் என்று அது பெக்குக்குப் போனது. 1973 கோடையில் பெக் நோயில் விழுந்தார். அந்த ஆண்டுத் தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு அவரால் வர முடியவில்லை. ஆகஸ்டில், 44 வயதில், இறந்துபோனார். அந்த அத்தியாயத்தில் படை வழக்கம் போல் வரிசையில் நிற்கிறது. வாக்கர் நிற்கும் இடத்தில் ஆள் இல்லை. தரையில் ஒரு துண்டுச் சீட்டு கிடக்கிறது, அவன் வேலையாக லண்டன் போயிருப்பதாக.